உப்பளத்துச் சிற்றுயிரும் ‘கடல் குரங்கு’ வணிகமும்

ஸீ மங்கீஸ், அதாவது கடல் குரங்குகள், என்ற பெயரில் 1960களிலிருந்து அமெரிக்கச் சிறுவர்களுக்குத் தபாலில் விற்கப்பட்டு, பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டியதும் உயிர்பெறும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட வளர்ப்புப் பிராணி, குரங்கோடு எவ்வகையிலும் தொடர்பில்லாதது என்பதோடு, கடலில் வாழ்வதும் அன்று. விலங்கியலார் ஆர்ட்டிமியா என்று வழங்கும் அந்த உயிரி, இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவானது. முழு வளர்ச்சியிலும் ஒரு சென்டிமீட்டர் அளவே நீளும் அதன் உடலில் இலை போன்ற பதினொரு இணைக் கால்கள் உண்டு. அவற்றைத் துடுப்புகளாக அசைத்தபடி அது மல்லாந்த நிலையிலேயே நீந்துகிறது. ஓடு, கொடுக்கு, வேகம் என எந்தத் தற்காப்பும் இல்லாத அது மீன்கள் உலவும் கடலில் நிலைக்க முடியாது. ஆகவே மீன் புக இயலாத அளவுக்கு உப்பேறிய ஏரிகளையும் உப்பளப் பாத்திகளையுமே அது இருப்பிடமாகக் கொண்டது. ஆங்கிலத்தில் உப்புநீர் இறால் என்று பொருள்படும் பெயரே அதற்கு நெடுங்காலமாக வழங்கி வருகிறது.

பொம்மைக் கடைக்கு அது வந்து சேர்ந்ததற்குக் காரணமான இயல்பு, அதன் முட்டையில் இருக்கிறது. நீர்நிலை சாதகமாக உள்ளபோது தாய் நேரடியாகக் குஞ்சுகளை ஈனும். உப்பு மிகும்போதும் பிராணவாயு குறையும்போதும் கெட்டியான உறை சூழ்ந்த, ஆங்கிலத்தில் சிஸ்ட் எனப்படும் உறைமுட்டைகளை இடும். கால் மில்லிமீட்டர் விட்டம்கூடத் தேறாத இந்த உறைமுட்டைகள் பழுப்பு நிறத்தில் தூள் போலிருக்கும். ஒரு கிராம் எடையில் ஏறக்குறைய 2 லட்சம் முதல் 3 லட்சம் வரை அடங்கும். உள்ளிருக்கும் கருவானது வளர்ச்சியின் தொடக்கக் கட்டத்திலேயே நின்று, நீரை ஏறத்தாழ முற்றிலும் இழந்து, வளர்சிதை மாற்றம் அளவிட முடியாத நிலைக்குத் தாழ்ந்த பின்னும் இறப்பதில்லை. டிரெஹலோஸ் என்னும் ஒருவகைச் சர்க்கரை நீர் இருந்த இடத்தை நிரப்பி, உயிரணுவின் புரதங்களும் சவ்வுகளும் சிதையாமல் காக்கிறது. உலர்வாகவும் காற்றுப்படாமலும் வைக்கப்பட்டால் பல ஆண்டுகள் கழிந்தும், உப்புநீரும் வெளிச்சமும் இளஞ்சூடும் கிடைத்தவுடன், ஏறக்குறைய ஒரே நாளில் உறை பிளந்து நாப்ளியஸ் எனப்படும் ஒற்றைக் கண் குஞ்சு வெளிவருகிறது. வளர்ந்த பிறகு பக்கத்துக்கு ஒன்றாகக் காம்புடைய இரு கண்கள் தோன்றினாலும் குஞ்சுப் பருவத்துக் கண்ணும் நடுவில் எஞ்சியே நிற்பதால், முதிர்ந்த உயிரிக்குக் கண்கள் மூன்று.

உலர்ந்தது மீண்டும் உயிர்க்கும் என்ற செய்தி ஐரோப்பிய அறிவுலகுக்கு எட்டியது ஆர்ட்டிமியாவின் வழியாக அன்று. ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்தில் நுண்ணோக்கி செய்து வந்த ஆண்டனி வான் லேவன்ஹூக், கூரைக் கால்வாயில் காய்ந்து கிடந்த தூசியில் நீர் ஊற்றியபோது அதிலிருந்த நுண்ணுயிரிகள் அசையத் தொடங்கியதை 1702இல் எழுதி வைத்தார். உயிருக்கும் இறப்புக்கும் இடைப்பட்ட இந்த நிலை குறித்த வாதங்கள் இரண்டரை நூற்றாண்டுகள் நீடித்தன. கேம்பிரிட்ஜின் டேவிட் கைலின் 1959இல்தான் அதற்கு ‘மறைந்த உயிர்நிலை’ என்று பொருள்படும் கிரிப்டோபயோசிஸ் என்ற கலைச்சொல்லை வழங்கினார். அறிவியல் அதற்குப் பெயரிட்ட அதே ஆண்டுகளில் நியூயார்க்கில் ஒரு வணிகர் அதை விலைக்கு விற்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது வெறும் தற்செயலே. எனினும் குறிக்கத் தக்கது.

ஆர்ட்டிமியாவைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றாகக் கருதப்படுவது, ஈரானின் உருமியா ஏரியைப் பற்றி, பெயர் தெரியாத ஈரானியப் புவியியலாளர் ஒருவர் கி.பி. 982இல் எழுதிய குறிப்பு. மேற்கத்திய விலங்கியலில் அது இடம்பெற்றது இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லிமிங்டன் உப்பளங்களின் வழியாக. ஷ்லோசர் என்பவர் அங்கே கண்ட உயிரியின் வருணனையும் படமும் 1756இல் வெளியாயின; 1758இல் லின்னேயஸ் அதை நண்டுகளின் பட்டியலில் சேர்த்தார்; ஆர்ட்டிமியா என்ற பேரினப் பெயரை 1819இல் சூட்டியவர் வில்லியம் லீச்.

அறிஞர்களுக்கு முன்பே லிமிங்டன் உப்பளத் தொழிலாளர்கள் அதை நன்கு அறிந்திருந்தனர். உப்புநீர்ப் புழு என்று தங்கள் பேச்சில் அதை அழைத்த அவர்கள், அது கலங்கிய நீரைத் தெளிய வைக்கிறது என்று நம்பி, அது இல்லாத தொட்டிகளுக்கு வேறு தொட்டிகளிலிருந்து அள்ளிக்கொண்டு போய் விட்டனர். இதைப் பாமர நம்பிக்கை என்று ஒதுக்கியோர் உண்டு. ஆனால் தொழிலாளர் கணிப்பே சரி. பாத்திநீரில் பெருகும் நுண்பாசிகளை ஆர்ட்டிமியா வடித்துத் தின்பதால் நீர் தெளிகிறது, உப்பின் தரம் உயர்கிறது. அதன் கழிவும் உடலும் மக்கி, உப்பை விரும்பும் செந்நிற நுண்ணுயிரிகளுக்கு உணவாகின்றன. அந்தச் சிவப்பு நீர் வெயிலை மிகுதியாக உறிஞ்சி விரைந்து ஆவியாகிறது. ஓர் உயிரியை வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டுப் பேணுவதை வளர்ப்பு என்று சொல்வதானால், ஆர்ட்டிமியாவை முதலில் வளர்த்தவர்களில் அவர்களையும் சேர்க்க வேண்டும். லிமிங்டன் உப்புத்தொழில் 1865இல் முடிவுக்கு வந்ததும் அங்கிருந்த ஆர்ட்டிமியாவும் அற்றுப்போனது.

லிபியாவின் தென்மேற்கிலுள்ள ஃபெஸ்ஸான் பாலைவனத்தில் மணற்குன்றுகளுக்கிடையே கிடக்கும் உப்பேரிகளின் கரையில் வாழ்ந்த தவாதா மக்களுக்கு அதே உயிரி அன்றாட உணவாக இருந்தது. பெண்கள் ஏரியில் இறங்கி வலைப்பையால் வாரியெடுத்து, அரைத்து, வெயிலில் காயவைத்து அடைகளாக்கினர். அடுத்த ஊரார் அவர்களுக்கு இட்ட ‘புழு உண்போர்’ என்ற ஏளனப் பெயரே இனத்தின் பெயராக நிலைத்துவிட்டது. 

ஒடெசா நகரத்துக்கு அருகிலுள்ள குயால்னிக் உப்பேரியில் நிகழ்ந்ததோ வேறு கதை. அங்கே உப்புக் குறைந்த நீரையும் மிகுந்த நீரையும் பிரித்திருந்த அணை 1871இல் உடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டு, நீரின் உப்பளவு ஆண்டுதோறும் ஏறிவந்தபோது ஆர்ட்டிமியாவின் வால்நுனி வடிவம் படிப்படியாக மாறியதை ஷ்மான்கேவிச் என்ற விலங்கியலார் கவனித்தார். ஆய்வுச்சாலையில் நீரை நீர்த்துப்போகச் செய்து, ஆர்ட்டிமியாவை நன்னீரில் வாழும் வேறொரு பேரினமாகவே மாற்ற முடிந்தது என்று 1875இல் அவர் எழுதியது, டார்வின் கொள்கை பற்றிய வாதம் சூடாக இருந்த அக்காலத்தில் பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. பிற்காலத்தில் மரபியலுக்கு ஆங்கிலப் பெயர் தந்த வில்லியம் பேட்சன், இதைச் சோதிப்பதையும் நோக்கமாகக் கொண்டு 1886இல் நடு ஆசியப் புல்வெளிகளுக்குப் பயணம் செய்து, பல உப்பேரிகளின் மாதிரிகளை ஒப்பிட்டு, பேரின மாற்றம் என்ற முடிவு தவறு என்று காட்டினார். உப்பளவுக்கு ஏற்ப ஆர்ட்டிமியாவின் உருவம் மாறுவது உண்மை. அது வேறு உயிரியாகி விடுவதில்லை. உப்பளத்தார் துப்புரவாளனையும், பாலைவன மக்கள் இறைச்சியையும், பரிணாமவாதிகள் சான்றையும் அதனிடம் கண்டனர். அடுத்து வந்தோர் கண்டது தீவனம்.

சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் மீன் காட்சியகத்தைச் சேர்ந்த ஆல்வின் சீல் 1933இலும், நார்வேயின் குன்னார் ரோலெஃப்சன் 1939இலும், அப்போதுதான் பொரித்த மீன்குஞ்சுகளுக்கு ஆர்ட்டிமியா நாப்ளியஸ் மிகச் சிறந்த உயிருணவு என்று எழுதினர். மீன்குஞ்சின் வாய்க்கு அடங்கும் அளவு, அதன் கண்ணைக் கவரும் அசைவு, வேண்டிய நாளில் வேண்டிய அளவு பொரிக்க வைத்துக்கொள்ளும் வசதி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இரை வேறில்லை. இதன் பயனாக, கலிபோர்னியாவின் உப்பளங்களிலும் யூட்டா மாநிலத்தின் பெரும் உப்பு ஏரியிலும் காற்று ஒதுக்கிய உறைமுட்டைப் படலங்களை வாரிக் கழுவி உலர்த்தி அடைத்து விற்பது ஒரு தொழிலாயிற்று. 1950களில் அலங்கார மீன் விற்கும் அமெரிக்கக் கடைகளில் ஆர்ட்டிமியா மலிவான சரக்காகக் கிடைத்தது.

அந்தச் சரக்கை வளர்ப்புப் பிராணியாக மாற்றியவர் ஹரால்டு வான் பிரவுன்ஹட். 1926இல் டென்னசியின் மெம்ஃபிஸ் நகரில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த அவர், ‘கிரீன் ஹார்னெட்’ என்ற பெயரில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டியும், உயரத்திலிருந்து ஓரடி ஆழத் தண்ணீரில் குதிக்கும் ஒரு சாகசக்காரருக்கு மேலாளராக இருந்தும், கேளிக்கை உலகின் ஓரங்களில் உழன்றவர். ஆடைக்குள்ளும் பார்க்க முடியும் என்று ஏய்த்து விற்கப்பட்ட ‘எக்ஸ்ரே’ மூக்குக்கண்ணாடியும் அவருடைய சரக்கே. மில்டன் லெவின் 1956இல் ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் எறும்புப் பண்ணையை விற்பனைக்குக் கொண்டுவந்து பெரும் வெற்றி கண்டதற்கு அடுத்த ஆண்டு, வான் பிரவுன்ஹட் ஆர்ட்டிமியாவில் முனைந்தார். ‘உடனடி உயிர்’ என்ற பெயரில் 49 சென்ட் விலைக்கு முதலில் வந்த அது, சில ஆண்டுகளில் ‘கடல் குரங்கு’ ஆயிற்று. குரங்கின் வாலை ஒத்த வால் உடையது என்பது பெயருக்குச் சொல்லப்பட்ட காரணம்.

பொம்மைக் கடைகள் அதை வாங்கத் தயங்கின. அதற்குக் காரணமானது வேறொரு நிறுவனத்தின் தோல்வி. பிரிஸ்பீ தட்டாலும் ஹூலா வளையத்தாலும் புகழ்பெற்றிருந்த வாம்-ஓ நிறுவனம், வறண்ட சேற்றில் முட்டையிட்டு மழை வந்ததும் பொரிக்கும் ஆப்பிரிக்கக் கில்லி மீன்களை ‘உடனடி மீன்’ என்று 1960களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்தி, ஏராளமான முன்பதிவு பெற்று, அந்த வேகத்துக்கு மீன்கள் முட்டையிடாததால் திட்டத்தையே கைவிட நேர்ந்தது. வளர்ப்புத் தொட்டியிலிருந்து முட்டையைப் பெற வேண்டியிருந்த வாம்-ஓவுக்கும், ஏரியே டன் கணக்கில் கரை ஒதுக்கித் தந்த முட்டையை விற்ற வான் பிரவுன்ஹட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கடைக்காரர்கள் உணரவில்லை. ஆகவே அவர் சித்திரக்கதை இதழ்களின் விளம்பரப் பக்கங்களுக்குச் சென்றார். ஆண்டுக்கு ஏறத்தாழ 32 லட்சம் பக்கங்கள் வாங்கியதாகப் பின்னாளில் அவரே கூறினார்.

அவ்விளம்பரங்களுக்குப் படம் வரைந்த ஜோ ஓர்லாண்டோ, திகில் சித்திரக்கதைகளால் பெயர்பெற்று, பின்னர் டிசி காமிக்ஸ் நிறுவனத்தின் துணைத்தலைவராக உயர்ந்த ஓவியர். தலையில் கிரீடம் போன்ற கொம்புகளும் பின்னால் நீண்ட வாலும் கொண்டு, மனித முகத்தோடு புன்னகைக்கும் இளஞ்சிவப்புக் குடும்பம் ஒன்று கோட்டைக்கு முன்னே நிற்பதாக அவர் தீட்டிய படத்துக்கும், குவளையில் பொரித்து வந்த வெளிறிய புள்ளிகளுக்கும் எந்த ஒற்றுமையும் இல்லை. படம் கற்பனைச் சித்திரமே என்ற மறுப்பு சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது. அதைப் படிக்கும் வயதினர் அந்த இதழ்களை வாங்கவில்லை. ஏமாந்த தலைமுறையினர் இன்றும் நினைவுகூர்வது அந்தப் படத்தையே.

நுட்பமான ஏமாற்று படத்தில் இல்லை, பொட்டலங்களில் இருந்தது. வாங்கியவருக்கு எண்ணிட்ட பொட்டலங்கள் வந்தன. நீரைத் தூய்மையாக்கும் பொடி என்று குறிக்கப்பட்ட முதலாவதைக் கரைத்து ஒரு நாள் காத்திருக்க வேண்டும்; அதன்பின் ‘உடனடி உயிர் முட்டைகள்’ என்ற இரண்டாவதைக் கொட்டினால், குழந்தையின் கண்முன்பே உயிர்கள் நீந்தும். உண்மையில் முதல் பொட்டலத்திலேயே உப்போடு முட்டைகளும் கலந்திருந்தன. காத்திருந்த 24 மணிநேரம் நீர் தூய்மையாவதற்கானது அன்று, முட்டை பொரிவதற்கானது. இரண்டாவது பொட்டலம் மேலும் முட்டையும் ஈஸ்ட்டும் உணவும், சில வேளை சாயமும் கலந்தது. மேடை மந்திரவாதி பார்வையாளரின் கவனம் ஒரு கையில் இருக்கும்போது மறு கையில் வேலையை முடித்துவிடுவதற்கு ஒப்பான இந்தச் செயல்முறைதான் இந்த வணிகத்தின் உண்மையான கண்டுபிடிப்பு. உயிரி பழையது, அதன் உறக்கமும் பழையது. ஒரு நாள் காத்திருப்பை மறைத்தது மட்டுமே புதிது. பல ஆண்டுகள் உலர்ந்து கிடந்த கரு ஒரே நாளில் நீந்துவதைவிட அது நொடியில் நீந்துவது பெரிய வியப்பு என்று விற்பவர் கருதியதில், குழந்தைகளின் பொறுமையைப் பற்றிய அவருடைய மதிப்பீடு தெரிகிறது.

ஆனாலும் இதில் அறிவியல் அறவே இல்லை என்று கூறுவது நியாயமாகாது. தொடக்கத்தில் பொரித்தவை தபாலில் சென்ற வீடுகளில் நீடித்து வாழாததால், வான் பிரவுன்ஹட் கடலுயிரியல் அறிஞர் அந்தோணி டி அகஸ்டினோவோடு சேர்ந்து, லாங் தீவின் மொன்டாக் பகுதியிலிருந்த நியூயார்க் கடலியல் ஆய்வகத்தில், கூடுதல் அளவும் ஆயுளும் உடையதாகச் சொல்லப்பட்ட கலப்பினத்தை உருவாக்கினார். ஆய்வகத்தின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ஆர்ட்டிமியா நியோஸ் என்று வணிகப் பெயரிட்டனர். ஊருக்கு ஊர் வேறுபடும் குழாய்த் தண்ணீரை முட்டை பொரிக்க ஏற்றதாக்கும் முறைக்கு 1972 ஜூலை 4 அன்று அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. சுவரிலேயே உருப்பெருக்கி வில்லைகள் பதித்த சிறு பிளாஸ்டிக் தொட்டி, பந்தயத் தடம், தின்பண்டப் பொடி எனத் துணைப் பொருள்கள் பெருகின. ஒளியை நோக்கி நீந்தும் இயல்பு ஆர்ட்டிமியாவுக்கு உண்டு என்பதால், இருட்டறையில் கைவிளக்கை நகர்த்தினால் கூட்டம் பின்தொடர்வது, பழக்கிய வித்தையாகக் காட்டப்பட்டது.

சிறுவர்களின் மகிழ்ச்சியால் செல்வரான அம்மனிதரின் மறுபக்கத்தை வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 1988இல் வெளியிட்டது: யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், ஆரியன் நேஷன்ஸ் என்ற வெள்ளை இனவெறி அமைப்போடு தொடர்புடையவராக இருந்தார். அவர் 2003இல் இறந்தார்.

ஆர்ட்டிமியா விண்வெளிக்கும் சென்றுள்ளது. விண்கதிர்கள் உயிரணுக்களைத் தாக்கும் விதத்தை அறிய, 1972இல் அப்பல்லோ 16, 17 ஆகிய பயணங்களில் அதன் உறைமுட்டைகள் நிலவுவரை சென்று மீண்டன. கதிரின் பாதையில் சிக்கிய ஒவ்வொரு முட்டையையும் தனித்தனியே இனங்காண முடிந்ததும், உணவும் காற்றும் தராமலேயே உயிரைக் கொண்டுபோக முடிந்ததும் அத்தேர்வுக்குக் காரணங்கள். 1998இல் ஜான் கிளென் தம் 77ஆம் வயதில் டிஸ்கவரி விண்கலத்தில் சென்றபோது கடல் குரங்கு முட்டைகளும் உடன் சென்றன. திரும்பிய பின் அவை வழக்கம்போல் பொரித்தன.

இதே வழியில் வேறு உயிரிகளும் பொட்டலத்தில் புகுந்தன. அவற்றுள் குறிப்பிடத்தக்கது டிரையாப்ஸ், அதாவது முக்கண்ணி. குதிரைலாட வடிவ மேலோடும் இரட்டை வாலும் கொண்டு, மழைக்குப் பின் தேங்கும் தற்காலிக நன்னீர்க் குட்டைகளில் சில வாரங்களே வாழும் இதன் முட்டைகளும் காய்ந்த மண்ணில் இருபது ஆண்டுகளுக்கு மேலும் கிடந்து பொரிக்கக் கூடியவை. வயல்நீரில் களை முளைகளை இது கிளறிப் பிடுங்குவதால் ஜப்பானிய உழவர் இதைக் களையெடுக்கும் பூச்சி என்று அழைப்பர். கண்ணுக்கு நன்கு தெரியும் அளவும் மண்ணைத் தோண்டும் சுறுசுறுப்பும் உடைய டிரையாப்ஸ், வளர்ப்போருக்கு ஆர்ட்டிமியாவைவிட நல்ல துணை; ஒன்றையொன்று தின்னும் குணம் மட்டுமே குறை.

தமிழகத்தில் ஆர்ட்டிமியா பொம்மையாக வேர்கொள்ளவில்லை. ஆயினும் நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்திலுள்ள இம்மாநிலத்தின் தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் அது இயற்கையாகவே வாழ்ந்து வந்துள்ளது. தூத்துக்குடிப் பாத்திகளிலிருந்து ஆய்வாளர்கள் விவரித்த இனம் கன்னிப்பிறப்பு வகையைச் சேர்ந்தது. அதாவது ஆணின் துணையின்றிப் பெண்ணே பெண்ணைப் பெறும் இனம். அதைவிடப் பெருவழக்காக ஆர்ட்டிமியா இங்கே புழங்குவது தகர டப்பிகளில்தான். கிழக்குக் கடற்கரையின் இறால் குஞ்சுப் பொரிப்பகங்களும், சென்னைக் கொளத்தூரில் ஃபைட்டர் முதலிய அலங்கார மீன்களைப் பெருக்குவோரும், யூட்டாவிலிருந்து வரும் உறைமுட்டைகளை உப்புநீரில் காற்றோட்டத்தோடு பொரிக்க வைத்து அன்றாடம் பயன்படுத்துகின்றனர். வேடிக்கை பார்க்க விரும்பும் எவரும் அந்தச் சரக்கில் ஒரு சிட்டிகை வாங்கி, லிட்டருக்கு ஏறக்குறைய 30 கிராம் அயோடின் சேராத கல்லுப்புக் கரைத்த நீரில் இட்டால், மறுநாள் காலை கடல் குரங்குகளைக் காணலாம்.

அமெரிக்க இனமான ஆர்ட்டிமியா ஃபிரான்சிஸ்கானா இவ்வாறு தீவனமாகப் பரவியதன் விளைவு கடுமையானது. போர்த்துகல், ஸ்பெயின், பிரான்சு ஆகிய நாடுகளின் உப்பளங்களில் அது புகுந்து உள்ளூர் இனங்களை வெளியேற்றிவிட்டது. இந்திய உப்பளங்களிலும் அது பரவி நாட்டு இனங்களின் இடத்தைப் பிடித்துள்ளதை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு முறை பாத்தியில் முட்டையிட்டுவிட்டால் அதை மீட்டெடுத்து அகற்ற வழியில்லை. எனவே ஆர்ட்டிமியாவைப் பொரிக்க வைப்போர், தீவனத்துக்காயினும் குழந்தைகளின் குவளைக்காயினும், எஞ்சிய நீரை உப்பளத்தின் பக்கமோ கழிமுகத்தின் பக்கமோ கொட்டாமல், நன்கு கொதிக்க வைத்த பின்பே அப்புறப்படுத்த வேண்டும்.